பழைய காருக்குப் புது எஞ்சின்



நம் தோட்டப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இப்போது பட்டணத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனுடைய தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. ஒரு நாள் மாலை அந்த அம்மாள் பள்ளி வாசலில் நம்மை நிறுத்தி, "சார், ஞாயித்துக்கெழமையானா பையன் டிரெஸர் ஐயா வீட்டுக் கொட்டாயிலயே கெடக்கிறான். செத்துப்போன காருக்கு வேற காரோட நெஞ்ச எடுத்து வைக்கப் போறானாம். இதெல்லாம் நடக்கிற காரியமா சார்? மேல கீழ விழுந்து தொலைச்சா யாரு பாக்கிறது? நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். ஒரு ஞாயிறு அல்ல, ஏறக்குறைய ஓராண்டுக் கால ஞாயிறுகள் போய்ப் பார்த்தோம். அங்கே கண்டதையும், அதையொட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

டிரெஸர் ஐயா தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர்; எழுபது வயதைத் தாண்டியவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் 1970களில் அவர் வாங்கிய கார் எம்.ஜி.பி. என்பது. இருவர் மட்டும் அமரக்கூடிய, மேலே திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இவருடையது 1965ஆம் ஆண்டு வண்டி. 1798 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் இரட்டைக் காபுரேட்டரும் கொண்ட இரும்பு எஞ்சின், 95 குதிரைத்திறன். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதைக் கவனியாமல் ஓட்டியதில் எஞ்சின் சூடேறி, அதன் இரும்பு உடலே வெடித்துவிட்டது.

இந்த இடத்தில் நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எம்.ஜி.பி.க்குச் சாமான் கிடைக்காத காலமே இல்லை. வண்டியின் உடற்கூட்டையே 1988 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்றார்கள். ஆகவே அதே வகை எஞ்சினைத் தேடிப் பிடித்துப் பொருத்துவதே நேர்வழி, செலவும் குறைவு என்றோம். டிரெஸர் ஐயா சிரித்தார். "வாத்தியாரே, இந்தக் காரோடு நான் கழித்த காலத்தில் பாதி, அதைத் தள்ளிக்கொண்டு போன காலம். சாவதற்குள் ஒரு தடவையாவது நிற்காமல் ஈப்போ வரைக்கும் போய் வரணும்" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மாணவன் கொண்டுவந்தது ஒரு 'ஹாஃப் கட்'. ஜப்பானில் ஓடி முடிந்த கார்களை இரண்டாக வெட்டி, எஞ்சின் உள்ள முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதைத்தான் நம் நாட்டுப் பட்டறைகளில் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். இது மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.5 என்ற காரின் முன்பாதி. அந்தக் கார் 1989இல் வெளிவந்தது, எம்.ஜி.பி. போன்ற பழைய ஆங்கிலக் கார்களின் அழகில் மயங்கி ஜப்பானியர் செய்தது. அதன் 1.8 லிட்டர் எஞ்சின் சுமார் 130 குதிரைத்திறன் தருகிறது. 1990களில் செய்த எஞ்சினுக்கும் முப்பது வயது ஆகிறதே, அது எப்படிப் புதிது என்று நீங்கள் கேட்கலாம். வயதில் அல்ல, வேலை செய்யும் முறையில்தான் அது புதிது.

கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். காற்று வேகமாகப் போகும்போது மருந்தையும் உறிஞ்சித் தூவுகிறது. காபுரேட்டர் செய்வதும் அதுவே. எஞ்சின் இழுக்கும் காற்று பெட்ரோலையும் கூட்டிக்கொண்டு போகிறது. புதிய எஞ்சினில் காபுரேட்டர் கிடையாது. சிலிண்டருக்குப் போகும் வழியில் நுண்ணிய ஊசிக்குழாய்கள் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. எப்போது, எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வது ஒரு மின்னணுப் பெட்டி. மெக்கானிக்குகள் அதை இ.சி.யு. என்பார்கள், மூளை என்றும் சொல்வதுண்டு. உள்ளே போகும் காற்று எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, எஞ்சினின் சுழற்சி எந்த நிலையில் இருக்கிறது, புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று பல உணர்கருவிகள் நொடிதோறும் அதற்குச் சேதி அனுப்புகின்றன. ஆகவே புது எஞ்சினை எடுக்கிறவன் மூளையையும் நரம்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஹாஃப் கட்டின் சிறப்பு அதுதான். எல்லாம் ஒரே பாதியில் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு வயரையும் கழற்றும்போது டிரெஸர் ஐயா தம் பழைய மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிப் பெயர் எழுதினார். மருந்துச்சீட்டு எழுதிய கை. சிலவற்றை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை!

பெரிய எஞ்சினாகப் பார்த்து வைத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். எம்.ஜி. கம்பெனியே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1967இல் எம்.ஜி.சி. என்று 2912 சி.சி., ஆறு சிலிண்டர் எஞ்சினை இதே உடலுக்குள் வைத்தார்கள். அது கனமான இரும்பு எஞ்சின். அதற்கு இடம் கொடுக்க முன்பக்கச் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். பானட்டிலும் மேடு எழுப்பினார்கள். அப்படியும் மூக்குக் கனத்துப் போய், வளைவில் திருப்பினால் திரும்ப மறுக்கிறது என்ற கெட்ட பெயர் வந்தது. 1969இல் நிறுத்திவிட்டார்கள். பிறகு கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயர், ரோவர் கம்பெனியின் அலுமினிய வி8 எஞ்சினை எம்.ஜி.பி.யில் பொருத்திக் காட்டினார். எட்டுச் சிலிண்டர், 3528 சி.சி.; ஆயினும் எடை அந்தப் பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை ஒட்டியதுதான். கம்பெனியும் அதே வழியில் 1973 முதல் 1976 வரை வி8 வண்டிகள் செய்தது. எத்தனை சிலிண்டர் என்பதைவிட எத்தனை கிலோ என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாஸ்டா எஞ்சின் பழையதைவிட இலேசானது. அந்த வகையில் மாணவன் சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தான்.

ஆனால் அவன் தொடங்கிய விதம் சரியில்லை. முதல் ஞாயிறு, பழைய எஞ்சினைத் தூக்கக் கொட்டகையின் குறுக்கு மரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டினான். எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்து 200 கிலோவை ஒட்டி வரும். ஒரு சாண் உயரம் எழும்பியிருக்கும், மரம் முறுக்கென்றது. என்ன சத்தம் என்று மாணவன் கையை எடுத்து மேலே பார்த்தான். அந்தக் கணத்திலேயே மரம் பிளந்து எஞ்சின் திரும்பக் காருக்குள் விழுந்தது. அவன் கை இருந்த இடத்தில்தான் எஞ்சின் உட்கார்ந்தது. அவன் தாயாரிடம் நாம் இதைச் சொல்லவில்லை. இப்போது வானொலியிலேயே சொல்லிவிட்டோம். அவர் நம்மை மன்னிக்க வேண்டும்.

அடுத்த வாரம் பட்டணத்திலிருந்து எஞ்சின் தூக்கும் கிரேன் வாடகைக்கு வந்தது. வண்டியின் கீழே படுக்கிறவன் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது, இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகே படுக்க வேண்டும் என்று டிரெஸர் ஐயா கட்டளையிட்டார். தோட்ட ஆஸ்பத்திரியில் நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப் போட்டவர் அல்லவா!

எஞ்சினை உள்ளே இறக்கிப் பார்ப்பது ஒரு நாள் வேலை. அது உட்கார்ந்த பிறகு தொடங்கியதே உண்மையான வேலை. 1965 வண்டியின் நடுச்சுரங்கம் குறுகலானது. மாஸ்டாவின் ஐந்து கியர்ப் பெட்டிக்காக அதை வெட்டி அகலப்படுத்தி வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. மாஸ்டாக் காரில் கியர் பெட்டியின் வால்பகுதியை ஒரு நீண்ட சட்டம் பின் அச்சோடு பிணைத்துத் தாங்குகிறது. எம்.ஜி.பி.யில் அந்தச் சட்டத்துக்கு இடமில்லை. ஆகவே பெட்டியின் வால் அந்தரத்தில் தொங்கியது. அதற்குப் புதிதாக ஒரு தாங்கி செய்தார்கள். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டையும் அளந்து புதிதாகச் செய்ய வேண்டும். எஞ்சினின் கோடும் பின் அச்சின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நுகத்தில் ஒரு மாடு சாய்ந்து நடந்தால் வண்டி என்ன பாடு படுமோ, அப்படித்தான் சுழல்தண்டும் உதறும். இந்தக் கோணத்தைச் சரிசெய்ய மூன்று ஞாயிறுகள் போயின.

பிறகு மின்சாரம். வயர்களையெல்லாம் சேர்த்தாகிவிட்டது, பாட்டரியை இணைக்க வேண்டியதுதான் பாக்கி. மாணவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது டிரெஸர் ஐயா, "தம்பி, நில். இந்த வண்டியில் பிளஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கிறது" என்றார். இன்றைய கார்களில் பாட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைகிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் அது தலைகீழ். இருக்கைக்குப் பின்னால் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றின் பிளஸ் முனையே உடலோடு சேரும். அப்படியே இணைத்திருந்தால், மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய அந்த மூளைப்பெட்டி ஒரு நொடியில் கருகியிருக்கும். முனைகளை மாற்றினார்கள். பழைய டைனமோ பழைய எஞ்சினோடு போய்விட்டதால், புது எஞ்சினின் ஆல்டர்னேட்டரே பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. காரிலிருந்த பழைய வானொலிப் பெட்டி புது ஏற்பாட்டுக்கு ஒத்துவராது, அதைக் கழற்றிவிட்டார்கள். வானொலியில் பேசுகிற நமக்கு அது மட்டும் கொஞ்சம் வருத்தம்.

பெட்ரோலைப் பற்றித்தான் மிக அழுத்திச் சொல்ல வேண்டும். காபுரேட்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் அற்பமானது. ஊசிக்குழாய்க்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். பழைய ரப்பர்க் குழாயைப் புதிய பம்பில் மாட்டினால், குழாய் பிளந்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீறிடும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதிக அழுத்தம் தாங்கும் குழாய், அதற்கேற்ற கிளிப், மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய் இவ்வளவும் புதிதாகப் போட்டார்கள். தீயணைப்பான் ஒன்றும் கொட்டகைச் சுவரில் ஏறியது.

பிரேக்குக்கு வருவோம். மாணவனுக்கு இதில் அக்கறை குறைவு. ஓடுவதுதானே அழகு, நிற்பதில் என்ன இருக்கிறது? நாம் கரும்பலகைக் கணக்கைக் கொட்டகைத் தரையில் கரித்துண்டால் போட்டுக் காட்டினோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி பிரேக் பிடித்து நிற்க ஒரு பங்கு தூரம் என்றால், 120இல் போகும் வண்டிக்கு இரு பங்கல்ல, நான்கு பங்கு. 95 குதிரைக்குச் செய்த பிரேக், அதுவும் அறுபது வயதான ரப்பரும் குழாயும், 130 குதிரையைப் பிடித்து நிறுத்த வேண்டும். முன்சக்கரத் தட்டுகள், பின்சக்கர டிரம்கள், சிலிண்டர்கள், குழாய்கள் அனைத்தையும் புதுப்பித்த பிறகே எஞ்சினுக்குச் சாவி போடுவது என்று முடிவாயிற்று. பின் அச்சும் பழைய வகை. அதைத் தாங்கி ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, வண்டியின் கிராண்டில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். வண்டியை ஆய்வுக்குக் காட்டி எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஓட்டுவது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்துவிடலாம். ஹாஃப் கட் வாங்கும்போதே ரசீதையும் சுங்கத்தாள்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாணவன் அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றிருந்தான். அந்தத் தாள்களுக்காக அவன் கடைக்காரரிடம் நான்கு முறை நடந்தான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை எஞ்சினைக் கிளப்பினார்கள். தாயாரும் பார்க்க வந்திருந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர்பெற்றது. பழைய காரின் தடதடப்பு இல்லை. அந்த அம்மாள் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே காணோமே, ஓடுதா?" என்று கேட்டார். டிரெஸர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆய்வுக்கு நாள் இன்னும் வரவில்லை. அதுவரை வண்டி கொட்டகையை விட்டு நகரக் கூடாது என்று, சாவியை வாங்கி அந்தத் தாயாரே தம் வீட்டில் வைத்திருக்கிறார். மாலையில் டிரெஸர் ஐயா போய்க் கேட்டால், காரில் உட்கார்ந்திருக்க மட்டும் என்றால் கொடுக்கிறார்.