மூவர் எழுப்பும் பேரொலி



திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிகம் நடத்தும் திருநெல்வேலி நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து மனம் நொந்து பேசினார். "அண்ணாச்சி, நம்ம பையன் பத்து வயசு முதல் மிருதங்கம் படித்தவன். இப்போது கல்லூரி விட்டு வந்ததும் அறையைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே மாவு மில் ஓடுகிறாற்போல ஒரு சத்தம். என்னடா இது என்றால், மூன்று பேர் வாசிக்கிற 'ஸ்டோனர் ராக்' என்கிறான். அகராதியைப் புரட்டினேன். கஞ்சா மயக்கத்தில் கிடக்கிறவனுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயராம். இரண்டு நாளாக எனக்கு உறக்கமில்லை," என்றார்.

அவருடைய அச்சம் இரண்டு வகைப்பட்டது. மகன் தீய பழக்கத்தில் விழுந்துவிட்டானோ என்பது ஒன்று. ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறையாகக் கட்டிக் காத்த இசையும் மரபும் அவனோடு அறுந்து போகுமோ என்பது மற்றொன்று. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் இவ்விரண்டு அச்சங்களும் பொதுவானவை. அச்சத்தை ஆராயாமல் தள்ளுவதும் தவறு. அதையே தீர்ப்பாகக் கொள்ளுவதும் தவறு. ஆகவே அந்த இசை யாது, எங்ஙனம் பிறந்தது, அதனுள் என்ன இருக்கிறது என்பதை முதலில் காண்போம்.

மின்சாரக் கிதார் ஒன்று, தாழ்ந்த ஒலியுடைய பேஸ் கிதார் ஒன்று, டிரம்ஸ் என்னும் முழவுத் தொகுதி ஒன்று. இம்மூன்றையும் மூவர் வாசிக்க, அவர்களுள் ஒருவர் பாடவும் செய்வார். இத்தகைய மூவர் குழு 1966-ஆம் ஆண்டில் லண்டனில் புகழ் பெறத் தொடங்கிற்று. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோரின் 'கிரீம்' குழுவும், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தலைமையில் அமைந்த குழுவும் அவ்வாண்டில் தோன்றியவையே. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து 'புளூ சியர்' என்ற மூவர் 1968-இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, ஒலியின் கனத்தை மேலும் பெருக்கினர். அக்காலத்து இளைஞர் இவ்வகை இசையைச் 'சைக்கடெலிக்' என்றனர். மனம், வெளிப்படுத்துதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பின்னர் 1990-களில், கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் இளைஞர்கள் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிச் சென்று, மணல்வெளியில் இரவெல்லாம் வாசித்தனர். தாழ்ந்த சுருதி, நிதானமான நடை, நீண்ட வாசிப்பு என்று அங்கும் அக்கம்பக்கத்திலும் வளர்ந்த பாணிக்கே 'ஸ்டோனர் ராக்' என்ற பெயர் நிலைத்தது.

தாழ்ந்த சுருதி என்றேன். அதன் பின்னே ஒரு தொழிலாளியின் கதை உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இளைஞருக்குப் பதினேழு வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. இடக்கைப் பழக்கம் உடையவராதலால், தந்தியை அழுத்த வேண்டியவை அவ்விரல்களே. அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்த் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அவருடைய 'பிளாக் சபத்' குழு 1971-இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியில் பல பாடல்களுக்குக் கிதாரின் சுருதி மூன்று அரைச்சுரங்கள் கீழே இறக்கப்பட்டிருந்தது. வலி குறைவதற்காகத் தளர்த்திய தந்தி, உலகம் அதுவரை கேட்டிராத கனத்த நாதத்தைத் தந்தது. பின்வந்த மூவர் குழுக்கள் பலவும் அவ்வழியில் நடந்தவையே.

கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. இவர்களுள் பலர் அதனை 65 வரை இறக்குகின்றனர். பேஸ் கிதார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, ஏறத்தாழ 33 அதிர்வில் ஒலிக்கிறது. மனிதச் செவியின் கீழெல்லை 20 ஆதலால், இவ்வொலியைக் காதால் கேட்பதோடு நெஞ்சாலும் உணர நேர்கிறது. தேர்த் திருவிழாவில் தவிலின் அருகே நின்றவருக்கு இந்த உணர்வு புதிதன்று.

அடுத்து, 'ஃபஸ்' எனப்படும் கரகரப்பு. ஒலிபெருக்கும் கருவி தாங்கும் அளவுக்கு மேல் மின்னலையைச் செலுத்தினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு, மூல ஒலியோடு புதிய மேலொலிகள் பிறக்கின்றன. என் நண்பர் மாவு மில் என்றது இதனைத்தான். ஆனால் நம் தம்புராவை எண்ணிப் பாருங்கள். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் 'ஜீவா' என்னும் நூலிழையைச் செருகி நகர்த்துகிறோம். தந்தி அவ்விளிம்பில் உராய்ந்து 'ஞொய்' என்று ரீங்கரிக்கிறது, மேலொலிகள் மலர்கின்றன. நூலை எடுத்துவிட்டால் ஒலி தூய்மையாகும். ஆனால் உயிர் போய்விடும். நம் முன்னோர் நூலிழையால் செய்ததை இவர்கள் மின்சாரத்தால் செய்கின்றனர். அளவில் பெரிய வேற்றுமை உண்டு. நோக்கத்தில் உறவு உண்டு.

உறவு அத்துடன் நிற்கவில்லை. தம்புராவில் நாம் மீட்டுவது பஞ்சமமும் ஸட்ஜமும். இக்கிதார்க்காரர்கள் ஓயாது பிடிப்பதும் அவ்விரு சுரங்களே. இதற்கு ஒலியியற் காரணம் இருக்கிறது. ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் அதிர்வு விகிதம் இரண்டுக்கு மூன்று. கரகரப்பூட்டிய கருவியில் இரண்டையும் சேர்த்து ஒலித்தால், அவற்றின் வேறுபாடாகிய ஒன்று, அதாவது கீழ்ஸ்தாயி ஸட்ஜம், எவரும் வாசியாமலே எழுகிறது. காந்தாரத்தையும் சேர்த்தால் ஒலி கலங்கிப் போகும். ஆதலால் அவர்கள் ஸட்ஜ பஞ்சமத்தை விட்டு நீங்குவது குறைவு. அதன்மேல் அவர்கள் வாசிக்கும் சுரக்கோவை பெரும்பாலும் ஐந்து சுரங்களால் ஆனது. ஸ, க, ம, ப, நி. நம் சுத்த தன்யாசியின் சுரங்கள் இவையே. கமகமும் பிரயோகமும் இன்றி ராகம் ஆகாது என்பது உண்மைதான். அவர்கள் வாசிப்பதை நான் ராகம் என்று சொல்லவில்லை. ஆயினும் படிக்கட்டு ஒன்று, ஏறுகின்ற விதம் வேறு என்று கொள்ளலாம்.

மூவர் என்னும் அமைப்பையும் சற்று நோக்குவோம். திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள், பத்மநாப சுவாமி கோயிலின் அருகே உள்ள நவராத்திரி மண்டபத்தை இந்நகர்த் தமிழர் அறிவர். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் ஊர்வலமாக எழுந்தருள்கிறது. அது கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. 1956-இல் மாநிலங்கள் பிரிந்து பத்மநாபபுரம் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்த பின்னரும் இவ்வூர்வலம் எல்லையைக் கடந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் ஒழுங்கில், பாடப்படுகின்றன. அங்கும் கச்சேரியின் அடிப்படை மூவரே: பாடுவோர், வயலின், மிருதங்கம்.

மூவராக இருப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. பெருங்குழுவில் ஒருவர் சோர்ந்தால் மற்றவர் மறைத்துவிடுவர். மூவரில் மறைவிடம் இல்லை. கிதார் விரிவாக மனோதர்மம் செய்யப் புறப்படுகையில், பேஸ் கிதார் அடியைத் தாங்கியபடியே வயலின் போல் பதிலும் சொல்ல வேண்டும். முழவுக்காரர் காலத்தை இழுக்காமலும் ஓடாமலும் காக்க வேண்டும். நிதானமான நடையில் காலப்பிரமாணத்தைக் காப்பது விரைவில் காப்பதைவிடக் கடினம் என்பதை மிருதங்கம் பயின்றோர் ஒப்புவர். தனியாவர்த்தனத்துக்கு ஒப்பானதும் உண்டு. 1966-இல் 'கிரீம்' குழு பதித்த 'டோடு' என்னும் உருப்படியில் ஜிஞ்சர் பேக்கரின் முழவே தலைமை தாங்குகிறது. சிறிய சுரக்கோவை ஒன்றை மீள மீள வாசிப்பதை அவர்கள் 'ரிஃப்' என்பர். பல்லவியின் ஓரடியைச் சங்கதி சங்கதியாகப் பாடக் கேட்ட நமக்கு, மீண்டும் மீண்டும் வருவதே சலிப்பு என்று சொல்ல வாய் வராது. கலிபோர்னியாவின் 'எர்த்லெஸ்' என்ற மூவர் பெரும்பாலும் பாட்டே இன்றி வாசிப்பவர். 2005-இல் அவர்கள் வெளியிட்ட முதல் தொகுதியில் இரண்டே உருப்படிகள். ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்கு மேற்பட்டது.

இனி அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லாமல் நழுவுதல் முறையன்று. கஞ்சாவின் நிழல் இப்பாணியின்மேல் படிந்திருப்பது உண்மை. 'ஸ்லீப்' என்ற கலிபோர்னிய மூவர் 1990-களின் நடுவில் ஏறத்தாழ அறுபத்து மூன்று நிமிடம் ஓடும் ஒரே பாடலைப் பதித்தனர். அதன் பெயரே கஞ்சாப் புகைப்போனைக் குறிப்பது. இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட மறுத்தது, குழு கலைந்தது, முழு வடிவம் 2003-இல்தான் முறையாக வெளிவந்தது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். வளரும் மூளைக்கு அது கேடு என்பதையும் மருத்துவர் வலியுறுத்துகின்றனர். இதில் இளைஞர்க்கு விட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை. ஆனால் அக்கதையின் பின்பகுதியையும் கேளுங்கள். அம்மூவருள் பாடகரும் முழவுக்காரருமாகிய இருவர் மீண்டும் கூடி 2003-இல் புதிய குழு ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஓம்'. பின்னாளில் அக்குழுவின் இசையில் தம்புராவே வந்து சேர்ந்தது. 2012-இல் வெளியிட்ட தொகுதிக்கு அத்வைதப் பாடல்கள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். காலடியில் பிறந்த சங்கரரின் சொல், பசிபிக் கரையில் கனத்த கிதாரைப் பயின்றவரைச் சென்றடைந்திருக்கிறது. நீண்ட ஒரே சுருதியில் மனத்தை நிறுத்த விரும்பியவர் கடைசியில் சுருதிப் பெட்டியின் ஊரை நோக்கி வந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான தீங்கு ஒன்று உண்டு, அது செவிக்கு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பர். ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏற்றத்துக்கும் அக்காலம் பாதியாகக் குறையும். அக்கணக்கின்படி 100 டெசிபெலைக் கால்மணி நேரமே தாங்கலாம். இத்தகைய கச்சேரிகள் அந்த அளவையும் கடப்பவை. செவியடைப்பான் அணிந்து கேட்பதும், காதுக்குள் செருகும் கருவியில் ஒலியைக் குறைத்து வைப்பதும் கட்டாயம். இழந்த செவிப்புலன் திரும்புவதில்லை.

நம் நாட்டிலும் இந்த இசைக்குலம் வேரூன்றியுள்ளது. திருவனந்தபுரத்தில் 2003-இல் தோன்றிய 'அவியல்' குழு மலையாளக் கவிதையையும் நாட்டுப் பாடலையும் மின்கிதாரோடு இணைத்து 2008-இல் தொகுதி வெளியிட்டது. இந்நகரின் 'கேயாஸ்' குழு இன்னும் கடுமையான, விரைவான நடையுடையது. அதன் முதல் தொகுதி 2013-இல் வெளிவந்தது. இவ்விரண்டும் மூவர் குழுக்கள் அல்ல. கனத்த நடையில் வாசித்த மூவர் குழு ஒன்று பெங்களூரில் தோன்றியது. 'ஷெப்பர்ட்' என்ற அவ்வூர்க் குழு 2015-இல் தன் தொகுதியை வெளியிட்டது.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொல்லி, இருவருமாக அவர் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் தட்டினோம். பையன் முதலில் மிரண்டான். "உட்காருங்க மாமா" என்று கட்டிலைக் காட்டினான். ஒலியைக் குறைத்து ஓர் உருப்படியை முழுவதும் போட்டான். பழக்கம் பற்றித் தந்தை நேராகவே கேட்டார். "இல்லேப்பா. எனக்கு அந்த டிரம்ஸ் பிடிக்கும். காலப்பிரமாணத்தைப் பாருங்க," என்று தொடையில் தாளம் போட்டுக் காட்டினான். எட்டாண்டு மிருதங்கம் பயின்ற கை அது. தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இது சுத்த தன்யாசி மாதிரி இருக்கே," என்றார். "மாதிரிதான்," என்றான் மகன்.

நண்பருக்கு அந்த இசை இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவ்வாண்டு நவராத்திரியில் தந்தையும் மகனும் மண்டபத்துக்குச் சேர்ந்து சென்றதாக அறிந்தேன். கச்சேரி தொடங்குமுன், தம்புராவின் ஜீவாவை நகர்த்தியபோது பையன் தந்தையின் முழங்கையைத் தொட்டுக் காட்டினானாம். வீட்டில் அவன் அறைக்கதவு இப்போது பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நண்பர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பதும் நிற்கவில்லை. உங்கள் இல்லத்திலும் இப்படியொரு கதவு சாத்தியிருக்குமாயின், ஒரு முறை உள்ளே சென்று அமர்ந்து, ஓர் உருப்படியை முழுமையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை அதன் பிறகு கேட்பது எளிதாக இருக்கும்.