உங்களுக்குத் தெரியுமா? உறைக்குள்ளும் துரு பிடிக்கும்!

காட்டில் வேலை முடிந்ததும் கத்தியையும் கோடரியையும் தோலுறையில் செருகிவிட்டால் பத்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஈரத்தோடு செருகினால் அந்த உறையே எதிரி. தோல் ஈரத்தை உறிஞ்சி, இரும்பை ஒட்டியே வைத்திருக்கும். வியர்வையின் உப்பும் சேர்ந்தால் ஒரே இரவில் செம்புள்ளிகள் தோன்றலாம். எனவே செருகும் முன், முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். பழச்சாறோ மரப்பாலோ பட்டிருந்தால் கழுவிவிட்டுத் துடையுங்கள். பிறகு சில துளி எண்ணெய், மெல்லிய படலமாக. ஜப்பானில் இதற்கென்றே கமேலியா விதை எண்ணெய் பூசுகிறார்கள்; அது எளிதில் பிசுக்காக உறையாது. நமக்குத் தேங்காய் எண்ணெய் போதும், காய்கறி நறுக்கும் கத்திக்கும் தீங்கில்லை. துருப்பிடிக்காத எஃகு என்று அலட்சியம் வேண்டாம்: அதிலுள்ள குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் துருவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். கடற்கரையில் அதிலும் புள்ளி விழும்.