வெந்த பாறையின் சாட்சியம்

பெங்களூர் லால்பாக்கில் காலை நடைக்கு வருகிறவர்கள் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமீது ஏறி மூச்சு வாங்குகிறார்கள். காலடியில் கிடப்பது சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1975-ல் அதைத் தேசியச் சின்னமாக்கிப் பலகை வைத்தது. பாறை பிழைத்தது.

நகருக்குத் தெற்கே, ஹாரோஹள்ளி, கனகபுரா பக்கம் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பழம்பாறையைப் பிளந்துகொண்டு கறுப்புச் சுவர்களாக ஓடுகிறது டோலரைட். ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆயிரம் டிகிரியைத் தாண்டிய பாறைக்குழம்பு வெடிப்புகளில் புகுந்து உறைந்தது. செங்கல் சூளையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை: நெருப்பை ஒட்டிய கல் வெந்தது, தள்ளியிருந்தது தப்பியது. குழம்பும் சும்மா இருக்கவில்லை. குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென உறைந்து பொடிமணியாயிற்று. நடுப்பகுதி நிதானமாக ஆறிப் பெருமணியாயிற்று.

நைஸ் ஏற்கெனவே பூமியின் ஆழத்தில் வெந்து மீண்டது. புதிய சூடு அதன் முகத்தில் அதிகம் தெரியாது. காட்டிக்கொடுப்பது காந்தம். மேக்னடைட் என்ற கனிமம் 580 டிகிரிக்கு மேல் காந்தத்தை இழக்கும். ஆறும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையை வாங்கிக்கொள்ளும். டோலரைட்டும் அதை ஒட்டி வெந்த பாறையும் ஒரே திசையைக் காட்டி, தள்ளியுள்ள பாறை வேறு திசையைக் காட்டினால், அந்தப் பதிவு குழம்பு புகுந்த காலத்தது என்று நம்பலாம். அன்று இந்த நிலப்பரப்பு எந்த அட்சரேகையில் கிடந்தது என்ற கணக்கு இப்படித்தான் உறுதியாகிறது.

இதற்கு இரு பாறைகளும் ஒட்டி நிற்கும் ஓரம் வேண்டும். ஆனால் டோலரைட்டுக்குச் சந்தையில் 'கறுப்பு கிரானைட்' என்று பெயர் (அது கிரானைட்டே அல்ல). சமையல் மேடைக்கு வேண்டியது விரிசலில்லாத நடுப்பகுதி. ஓரம் உடைந்து கழிவுக் குவியலுக்குப் போகிறது. இடம் பெயர்ந்த கல்லுக்குத் திசை ஏது?

குவாரியை மட்டும் திட்டவும் முடியாது. அதே வட்டாரத்துக் கப்பாள் துர்க்கத்தில் சாம்பல் நிற நைஸ், திட்டுத் திட்டாகக் கரும்பச்சை சார்னோக்கைட்டாக மாறியிருப்பதைப் புவியியலாளர் சி.எஸ். பிச்சமுத்து 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பல்லாவரத்தில் மலையாகக் கிடக்கும் அதே கல்தான். இங்கே வேலை செய்தது டோலரைட் அல்ல. ஆழத்தில் 700 டிகிரியைத் தொட்ட சூடும், பாறைக்குள் ஊடுருவிய கார்பன் டை ஆக்சைடும். ராமநகரத்துக் கிரானைட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் நிபுணர்களுக்குள் சர்ச்சை உண்டு. அந்தத் திட்டுகளைத் தெளிவாகக் காட்டியவை குவாரி வெட்டுமுகங்கள்தான்.

புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்கும் மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கல் எடுத்து முடித்த குழிகளில், ஓரம் தெரியும் ஒரு வெட்டுமுகத்தை மண் போட்டு மூடாமல் விட்டுவைப்பது பெரிய செலவல்ல.