பம்பருக்குப் பின்னால் ஒருத்தர் பார்க்கிறார்!

நம் ஊரில் காரின் பம்பருக்கு இருக்கிற பொறுப்புகள் கொஞ்சநஞ்சமில்லை. அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜை வந்தால் சந்தனம், குங்குமம் பூசிக்கொண்டு, வாழைக்கன்றையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். 'அம்மா அப்பா ஆசி', 'ஒலி எழுப்பவும்', தலைவர் படம் என்று ஸ்டிக்கர்களுக்கு முதுகைக் காட்ட வேண்டும். இத்தனையும் போக, சந்து திரும்பும் ஆட்டோ இடித்தால் சத்தம் போடாமல் அடி வாங்க வேண்டும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் தோற்றாள்!

இப்போது அதற்கு இன்னொரு டூட்டியும் சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடியாக இருப்பது!

புதிய கார்கள் பலவற்றில் பம்பருக்குப் பின்னால் ராடார் ஒளிந்திருக்கிறது. யுத்த விமானத்தைத் தேடுவதற்காகப் பெரிய கிண்ணம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்குமே, அதே ஜாதிதான். ஆனால் இது சுற்றாது. சோப்பு டப்பா சைஸில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

"நான் பைக் ஆசாமி சார். தவணை கட்டியே தாவு தீருது. கார் ராடார் எனக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் உட்கார்ந்துகொண்டு அந்த டப்பா யாரைத் தேடுகிறது தெரியுமா? உங்களைத்தான்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். காரோட்டி எத்தனை தடவை கண்ணாடி பார்த்தாலும், தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு குருட்டு மூலை உண்டு. அங்கே ஒரு பைக் முழுசாக மறைந்துபோகும். அந்த மூலையைப் பார்ப்பதற்குத்தான் பின் பம்பர் ராடார். நீங்கள் அங்கே வந்தால், காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும். 'ஆள் இருக்கான், திரும்பாதே' என்று அர்த்தம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப் பீப்' என்று கத்துகிறதே, அது ராடார் அல்ல. பம்பரில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் புதுக் கார்களுக்கு இந்தியாவில் இது கட்டாயம். வவ்வால் பாணியில், நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலி வாங்கும். சில அடி தூரத்தோடு அதன் சாம்ராஜ்யம் முடிந்தது. அது வெளியே தலையை நீட்டித்தான் ஆகவேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வைத்தால் ஊமை.

ராடார் அனுப்புவது ரேடியோ அலை. இன்றைய கார் ராடார் பெரும்பாலும் 77 ஜிகா ஹெர்ட்ஸில் பேசுகிறது. பழைய மூலை ராடார்கள் 24-ல் பேசின. 77 என்றால் ஓர் அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கிட்டத்தட்ட ஒரு துவரம் பருப்பு! 150 மீட்டர் தள்ளியிருக்கும் லாரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர அதற்கு ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். தூரம் மட்டுமல்ல, வேகத்தையும் சொல்லிவிடும். பிளாட்பாரத்தில் நிற்கும்போது, வரும் ரயிலின் ஹாரன் 'கீச்'சென்றும், தாண்டிப் போனதும் கட்டைக் குரலிலும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் சமாசாரம்.

ஐடியா ஒன்றும் புதுசில்லை. 1904-லேயே கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர், கொலோன் நகரில் ரைன் நதிக்கரையில் ஒரு பெட்டியை வைத்து, கப்பல் வந்தால் மணியடிக்க வைத்தார். மோதலைத் தடுக்கும் கருவி! கப்பல் கம்பெனிகள் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டன. 1959-ல் அமெரிக்காவில் 'காடிலாக் சைக்ளோன்' என்ற மாதிரிக் காரின் மூக்கில் இரண்டு கறுப்புக் கூம்புகள் வைத்து, அதற்குள் ராடாரைத் திணித்தார்கள். விற்பனைக்கே வரவில்லை. 1990-களின் இறுதியில் மெர்சிடஸ் எஸ் கிளாஸில் ராடார் வந்தது, கோடீஸ்வரர்கள் ஓட்டினார்கள். நம் ஊரில் 2021-ல் மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 700, 2023-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகும் ஹூண்டாய் வெர்னா என்று இறங்கிவந்து, இப்போது பக்கத்து ஃபிளாட் வாசலிலேயே நிற்கிறது.

சரி, பம்பருக்குப் பின்னால் ஏன் வைக்கிறார்கள்? நமக்குக் கண்ணாடி எப்படியோ, ராடாருக்கு பிளாஸ்டிக் அப்படி. ஊடுருவிப் பார்க்கும். ஆனால் எந்த பிளாஸ்டிக்கும் சும்மா வழி விடாது. அலையில் கொஞ்சத்தை உள்பக்கத் தோலும் கொஞ்சத்தை வெளிப்பக்கத் தோலும் திருப்பியடிக்கும். பம்பரின் தடிமனைச் சரியாக வைத்தால் இந்த இரண்டு எதிரொலிகளும் ஒன்றையொன்று அடித்து ஒழிந்துபோகும். மாமியாரும் மருமகளும் ஒருத்தர் மேல் ஒருத்தர் கத்தி, கடைசியில் வீடு அமைதியானது போல! பம்பருக்கான பிளாஸ்டிக்கில் அந்தக் கணக்கு சுமார் 2.6 மில்லிமீட்டருக்கு வருகிறது. அதாவது, பம்பர் என்பது வெறும் மூடி அல்ல. அளவெடுத்துச் செய்த மூக்குக்கண்ணாடி. அதன் மேல் அடிக்கிற பெயின்ட்டும் கணக்கில் சேர்த்தி.

இங்கேதான் நம் ஊர் கைங்கரியம் ஆரம்பமாகிறது.

என் மைத்துனன் வெள்ளி நிறக் கார் ஒன்று வைத்திருக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான் பார்க்கிங்கில் பின்னால் இடது மூலையில் இடித்துவிட்டுப் போய்விட்டார். இவன் பேட்டையிலுள்ள ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனான். கிழிந்த இடத்தைச் சூடு வைத்து ஒட்டி, புட்டி அப்பி, தேய்த்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, பளபளவென்று கொடுத்துவிட்டார்கள்.

"மாமா, புது பம்பர் போட்டா எக்கச்சக்கமா ஆகும்னாங்க. இங்க அதுல கால்வாசிதான். எங்க இடிச்சதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!"

கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

மறுவாரம் அவனோடு செங்கல்பட்டு போகவேண்டியிருந்தது. வண்டலூர் தாண்டி, "ஒரு டீ அடிக்கலாமா மாமா?" என்றவன், இடது பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான். ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

'பாம்ம்ம்!'

என் கதவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பைக். ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மண்ணில் இறங்கி, தடுமாறி, எப்படியோ நிமிர்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எங்களை ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

"லைட்டு எரியலையே மாமா... சத்தியமா எரியல..." மைத்துனன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் கிளாஸ் தட்டுத் தாளம் போட்டது.

கம்பெனி சர்வீஸில் பம்பரைக் கழற்றியபோது விஷயம் வெளியே வந்தது. ராடாருக்கு நேர் எதிரே புட்டி ஒரு சின்ன மேடு கட்டியிருந்தது. ராடாரைத் தாங்கும் பிராக்கெட்டும் லேசாக வளைந்திருந்தது. டேஷ்போர்டில் மட்டும் ஒரு எச்சரிக்கையும் இல்லை. முழுசாக மூடிவிட்டால் பல கார்கள் 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று சொல்லிவிடும். அரைப் பார்வைதான் ஆபத்து. பல சமயம் வண்டிக்கே தெரியாது. வெள்ளெழுத்து வந்த மனுஷன் 'எனக்கென்ன, நல்லாத்தானே தெரியுது' என்பதில்லையா?

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ராடார் அலை பம்பரை இரண்டு தடவை தாண்டியாக வேண்டும். போகும்போது ஒரு டோல், வரும்போது ஒரு டோல். ரிட்டர்ன் டிக்கெட் சலுகையெல்லாம் கிடையாது! வெள்ளி மாதிரியான மெட்டாலிக் பெயின்ட்டில் மினுமினுப்புக்காக அலுமினியத் துகள் இருக்கும். பழைய பூச்சின் மேலேயே பூச்சுமேல் பூச்சாக அடித்தால் டோல் ஏறும். ஒவ்வொரு தடவையும் பாதிச் சக்தி போய்விட்டது என்று வையுங்கள். மிச்சம் கால் பங்கு. 150 மீட்டர் வரை பார்த்துக்கொண்டிருந்த முன்பக்க ராடார் இப்போது சுமார் 106 மீட்டர்தான் பார்க்கும். தொலைந்த 44 மீட்டரை, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடும். முன்னால் லாரி நின்றுகொண்டிருந்தால் ஒன்றரை விநாடி என்பது ஓர் ஆயுசு.

கோணம் இன்னும் மோசம். ராடார் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும். இரண்டு டிகிரி என்றால் 3.5 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே அவ்வளவுதான்! உங்கள் லேனில் நிற்கும் லாரியை விட்டுவிட்டு, பக்கத்து லேனில் போகும் பஸ்ஸுக்காக பிரேக் போடும். இரண்டு டிகிரியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு போல்ட்டை ஏனோதானோவென்று முடுக்கினால் போதும், வந்துவிடும்.

அதனால்தான் பம்பரைக் கழற்றினால் 'காலிபரேஷன்' தேவைப்படலாம் என்கிறார்கள். சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்க்கிறோமே, அது மாதிரி கண்ணுக்கு. சமமான தரையில் காரை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் மூட்டை முடிச்சு இல்லாமல், அளந்து வைத்த இடத்தில் உலோகக் குறி ஒன்றை நிறுத்தி, கம்ப்யூட்டரில் சரிசெய்வார்கள். சில மாடல்களை ரோட்டில் ஓட்டியே சரிசெய்வதும் உண்டு.

கார் வைத்திருப்பவர்கள் கிழித்து பர்ஸில் வைத்துக்கொள்ளச் சில சங்கதிகள்:

பம்பரில் ராடார் இருக்கும் இடம் எதுவென்று காரின் கையேட்டில் பாருங்கள். அந்த இடத்தில் புட்டி, வெல்டிங், எக்ஸ்ட்ரா கோட்டிங் வேண்டாம். ராடாருக்கு எதிரே ரிப்பேரே செய்யாதே, பம்பரை மாற்று என்பது பல கார் நிறுவனங்களின் கறார் விதி. இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் ஆரம்பத்திலேயே 'இந்த மூலையில ராடார் இருக்கு சார்' என்று சொல்லி, காலிபரேஷன் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முன்னால் தடித் தடியாக இரும்புக் கம்பி மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் ராடாருக்குக் கண்ணாடி; இரும்பு அதற்குச் சுவர். நடந்து போகிறவருக்கும் அந்தக் கம்பி எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

தண்ணீருக்கு இந்த அலையை விழுங்கும் குணம் உண்டு. ஈரச் சந்தனம், சேறு, மாலை எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். பூஜை முடிந்ததும் துடைத்துவிடுங்கள்; சாமி கோபித்துக்கொள்ளாது.

"பழைய கார்தான் சார். ராடார் தனியா வாங்கி மாட்டலாமா?" மாட்டலாம். பின் மூலைகளுக்கான கிட் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஹாரன் மாற்றுவது மாதிரி அரை மணி சமாசாரமாக நினைக்காதீர்கள். கையேட்டில் சொன்ன உயரம், சொன்ன கோணம், இரண்டு பக்கமும் ஒரே அளவு. டபுள் டேப்பில் ஒட்டினால் நம் வெயிலுக்கு நெகிழ்ந்து தரையைப் பார்க்கும். அசையாத பிராக்கெட் வேண்டும். முகத்துக்கு எதிரே இரும்போ ஒயரோ குறுக்கே போகக் கூடாது. கம்பெனி ஒயரை வெட்டினால் வாரன்டிக்கு வேட்டு வைத்த மாதிரி. மாட்டி முடித்ததும் ஒரு நண்பரை பைக்கில் பின்னால் வரச் சொல்லி, இரண்டு பக்கமும் எந்த இடத்தில் விளக்கு எரிகிறதென்று காலி ரோட்டில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பைக்கில் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. முன்னால் போவது எவ்வளவு புதுக் காராக இருந்தாலும் அதன் இடது தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த பம்பர் எந்தப் பட்டறையில் அலங்காரம் செய்துகொண்டு வந்ததோ, யார் கண்டது?

மற்றபடி, எலுமிச்சம்பழம் தாராளமாகத் தொங்கட்டும், ராடாருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி. திருஷ்டி கழியவேண்டியதுதான். அதற்காகக் காரின் பார்வையையே கழித்துவிட வேண்டாம்!