மூடினால் போதுமா? அணைக்க வேண்டாமா?



எங்க அக்கா ராத்திரி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அதில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. காலையில் கரண்ட் இல்லை. லேப்டாப்பும் எழும்பவில்லை. சேவ் பண்ணாத கட்டுரை போயே போச்சு! அக்கா அழுதுவிட்டாள்.

ஏன் அப்படி? மூடினால் லேப்டாப் அணைவதில்லை, தூங்கத்தான் செய்கிறது. திறந்திருந்த வேலையை 'ரேம்' நினைவகத்தில் பிடித்து வைக்க பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே சேவ் பண்ணி, 'ஷட் டவுன்' செய்யுங்கள்.

உள்ளே இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதற்குச் சூடு ஆகாது. மெத்தை மேல் வைக்காதீர்கள். 0 வரை இறங்க விடாமல், 20 சதவீதத்திலேயே சார்ஜ் போடுங்கள். நீண்ட லீவுக்கு எடுத்து வைத்தால் பாதி சார்ஜோடு அணைத்து வையுங்கள்.

இப்போ தினமும் நான் கேட்பேன், "அணைச்சியாக்கா, சும்மா மூடினியா?"

- 9-ஆம் வகுப்பு மாணவி