அப்பாவுக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல வாசற்படியை அளந்துடுங்க!

நெய்வேலி டவுன்ஷிப் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஏற்ற இறக்கம் பெரிதாகக் கிடையாது. பக்கவாதத்தாலோ முதுகுத்தண்டில் அடிபட்டோ நடக்க முடியாமல் போன ஒருவர், பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்கூட்டரில் தனியாக மெயின் பஜார் வரை போய்வர இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால், குவார்ட்டர்ஸ் என்.எல்.சி-யுடையது. வேலையில் இருப்பவர் ஓய்வு பெற்றதும், வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ கட்டி வைத்த சொந்த வீட்டுக்குக் குடும்பம் கிளம்பும். அங்கே வாசலில் மூன்று படி, குறுகலான தெரு, முன்னறிவிப்பே இல்லாத வேகத்தடை. டவுன்ஷிப் சாலையை மட்டும் நினைத்து வாங்கிய வண்டி போர்டிகோவில் துணி காயப்போடத்தான் உதவும். எனவே 'என்ன விலை?' என்று கேட்பதற்கு முன், 'அடுத்த ஐந்து வருஷம் இது எங்கே ஓடப்போகிறது?' என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

டேப்பை எடுங்கள். சக்கர வண்டிகளுக்கான சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு 1-க்கு 12. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அரை அடி உயரத்தில் மூன்று படி இருந்தால் 18 அடி. அவ்வளவு இடம் எத்தனை வீட்டு வாசலில் இருக்கிறது? 'பலகை போட்டு ஏத்திக்கலாம்' என்று செங்குத்தாகச் சரிவு வைத்தால், வண்டி பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு. அடுத்து கதவின் அகலம், குறிப்பாக பாத்ரூம் கதவு. பெரும்பாலான ஸ்கூட்டர்கள் வீட்டுக்குள் திரும்பாது. மூன்று சக்கர வண்டி குறைந்த இடத்தில் திரும்பும். நான்கு சக்கரம் கவிழாமல் நிற்கும். வெளிநாட்டு மால்களுக்காகச் செய்த, பிரித்து மடிக்கும் சிறிய ரகங்களின் அடிப்பாகம் தரையை ஒட்டியே இருக்கும். நம் ஊர் வேகத்தடையில் அது தட்டும்.

இடத்துக்கு அடுத்தது கை. ஹேண்டில்பார் வைத்த ஸ்கூட்டரை ஓட்ட முதுகு நிமிர வேண்டும், இரண்டு கைகளிலும் ஓரளவு பலம் வேண்டும். பக்கவாதத்தில் வலது கை பாதிக்கப்பட்டவருக்கு வலது பக்க ஆக்சிலரேட்டர் பயன்படாது. இடது பக்கம் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஒரு கையால் இயக்கும் ஜாய்ஸ்டிக் வைத்த பேட்டரி சக்கர நாற்காலிதான் சரி. இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கப் பார்வையும் கவனமும் குறைந்துவிடும். அந்தப் பக்கமிருந்து வரும் பஸ் அவருக்குத் தெரியவே தெரியாது. டாக்டரிடம் கேட்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது.

உட்காருவதும் இறங்குவதும் தனிக்கதை. வீட்டுக்குள் ஒரு சக்கர நாற்காலி, வாசலில் ஒரு ஸ்கூட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்கி மாற்ற ஆள் வேண்டும். வீட்டில் அந்த வேலை பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழும். இந்தச் சிக்கலுக்கு சென்னை ஐ.ஐ.டி-யில் ஒரு வழி கண்டார்கள். பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையமும், அங்கிருந்து உருவான நியோமோஷன் நிறுவனமும் 2021 ஆகஸ்டில் 'நியோபோல்ட்' என்ற வண்டியை அறிமுகம் செய்தன. 'நியோஃப்ளை' என்ற சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் பகுதியை மாட்டினால் அதுவே ஸ்கூட்டர். கழற்றினால் அதே நாற்காலியில் வீட்டுக்குள் போகலாம். லித்தியம் பேட்டரி, மணிக்கு 25 கி.மீ வரை வேகம். அறிமுகமானபோது நாற்காலி 39,900 ரூபாய், மோட்டார் பகுதி 55,000 ரூபாய். இப்போதைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். நாற்காலி அவரவர் உடல் அளவுக்குச் செய்யப்படுவது. ஆனால் இதற்கும் இரண்டு கைகள் நன்றாக இருக்க வேண்டும்.

கையிலிருந்து காசு போடுவதற்கு முன், கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். கால்கள் பாதித்து, கைகள் நன்றாக உள்ளவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரும், தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவட பாதிப்பு போன்றவற்றுக்கு பேட்டரி சக்கர நாற்காலியும் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. வயது வரம்பு, நிபந்தனைகள் உண்டு; காத்திருக்கவும் நேரலாம். மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் அலிம்கோ நிறுவனத்தின் மோட்டார் மூன்று சக்கர வண்டிக்கு மானியம் இருக்கிறது. எதற்குப் போனாலும் யு.டி.ஐ.டி அட்டை கேட்பார்கள். அது இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் பதிவும் லைசென்ஸும் கட்டாயம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ-க்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வண்டிகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. வாங்கும் மாடல் அந்த வரம்புக்குள் வருகிறதா என்பதை பில்லோடு எழுதி வாங்குங்கள்.

விலை குறைந்த வண்டிகளில் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். கனம் அதிகம், சார்ஜ் போடாமல் மாதக்கணக்கில் விட்டால் கெட்டுவிடும். லித்தியத்துக்கு முதலில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஆனால் எடை குறைவு, ஆயுள் அதிகம். 'ஒரு சார்ஜுக்கு 30 கி.மீ' என்று விளம்பரத்தில் பார்த்தால், சமதளத்தில், எடை குறைந்த ஆளை வைத்து ஓட்டிய கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரி என்ன விலை, சர்வீஸ் ஆள் கடலூரிலோ விருத்தாசலத்திலோ இருக்கிறாரா, சென்னையிலிருந்துதான் வரவேண்டுமா என்பதையும் கேளுங்கள். வண்டி பழுதாகி நின்றால், ஓட்டுபவருக்கு வெளியுலகமே நின்றுபோகும்.

கடைசியாக, ஓட்டப்போகிறவரே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷோரூம் டைல்ஸ் தரையில் அல்ல. கட்டிலிலிருந்து இறங்கி, வண்டியில் ஏறி, வாசல் தாண்டி, தெருமுனை டீக்கடை வரை போய்த் திரும்பட்டும். நடுவழியில் கையை எடுத்தால் வண்டி தானாக நிற்கிறதா, பேட்டரி தீர்ந்தால் தள்ளிக்கொண்டு வர முடிகிறதா என்று கூடவே நடந்து பாருங்கள். அதற்கு வீட்டுக்கு வண்டியை அனுப்ப மாட்டேன் என்கிற கடையை விட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போன் போடுங்கள்.