பெட்ரோல் கார் மின்சாரக் காராக மாறுவது எப்படி?

பெட்ரோல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரைப் பொருத்தினால் அது மின்சாரக் கார் ஆகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அடிப்படைக் கருத்து சரிதான். ஆனால் எஞ்சின், சக்கரங்களைச் சுழற்றுவதோடு வேறு சில வேலைகளையும் செய்துவருகிறது. அவற்றை மறந்தால் ஆபத்து.

இம்முயற்சி புதியதன்று. 1959இல் அமெரிக்காவில், ரெனோ டாஃபின் என்னும் சிறிய பெட்ரோல் காரின் உடலில் மின் மோட்டாரை வைத்து 'ஹென்னி கிலோவாட்' என்ற வண்டியை வெளியிட்டனர். 36 வோல்ட்டில் இயங்கிய அது மணிக்குச் சுமார் 64 கி.மீ. வேகமே சென்றது. 1960இல் 72 வோல்ட்டாக உயர்த்தியதும் வேகம் ஏறத்தாழ 96 கி.மீ. ஆயிற்று. எனினும் நூறு வண்டிகள்கூட விற்கவில்லை.

எடைதான் தடை

அக்கால மின்சார வண்டிகளுக்குப் பெருந்தடையாக நின்றது பாட்டரியின் எடை. ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. அதில் கால் பங்கு அளவையே எஞ்சின் இயக்கமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மோட்டாரோ, பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை இயக்கமாக்கிவிடும். ஆகவே சிறிய கார் 100 கி.மீ. ஓட 15 யூனிட் போதும், 200 கி.மீ. ஓட 30 யூனிட் வேண்டும்.

ஈய பாட்டரி கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தாங்கும். அப்படியானால் 30 யூனிட்டுக்கு முக்கால் டன்னுக்குக் குறையாத பாட்டரி தேவை. சிறிய காரின் எடையே ஏறத்தாழ அவ்வளவுதானே! லித்தியம் அயனி பாட்டரியில் கிலோவுக்கு 150 வாட்-மணி எனக் கொண்டால் 200 கிலோ போதும். இன்று இம்மாற்றம் நடைமுறைக்கு ஏற்றதாகியிருப்பதன் காரணம் இதுவே.

எவை போகும், எவை வரும்?

எஞ்சின், பெட்ரோல் டாங்க், சைலன்சர் ஆகியவை வெளியேறும். கியர்பாக்ஸை வைத்துக்கொள்ளலாம், அதனுடன் மோட்டாரை இணைக்க, துல்லியமாகக் கடைந்த உலோகத் தட்டு வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் விடுவது கன்ட்ரோலர் என்னும் கருவி. விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி ஒன்றும் தேவை.

இனி பிரேக்கைக் கவனியுங்கள். பல பெட்ரோல் கார்களில் பிரேக்கை எளிதாக மிதிக்க உதவுவது எஞ்சினின் உறிஞ்சு விசை. எஞ்சின் போனால் அந்த உதவியும் போய்விடும். மிதி கல்லாக இறுகும். அதனால் தனியாக ஒரு வெற்றிட பம்ப் பொருத்த வேண்டும். பாட்டரியின் சுமைக்கேற்ப ஸ்பிரிங்குகளையும் சரிபார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே இது வீட்டு முற்றத்தில் செய்துபார்க்கும் வேலையன்று. பயிற்சி பெற்றவர்கள், அங்கீகரிக்கப்பட்ட கருவிகளைக் கொண்டு செய்ய வேண்டியது.

புகை எங்கே போயிற்று?

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், 100 கி.மீ. தூரத்தில் சுமார் 15 கிலோ வாயுவை விடும். நிலக்கரியிலிருந்து 1 யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 1 கிலோ வாயு வெளியேறுகிறது. 15 யூனிட்டுக்கு? அதே 15 கிலோ! தெருவில் புகை இராது. ஆனால் வாயு மின்நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறும்.

காற்றாலை, சூரிய ஒளி, நீர்வீழ்ச்சி ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரமானால் இந்த 15 கிலோ ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். எனவே காரை மாற்றும்போதே, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் முடிவு செய்யுங்கள். வீட்டுக் கூரையில் சூரியப் பலகை இருந்தால், பகல் வெயிலில் பாட்டரிக்கு மின்னேற்றுவதே சிறந்த வழி.